நெசவாளியின் கைகள்: வில்லா கேதரின் புனைகதைகளிற் குடியேறிய கைவினைஞர்

குடிபெயர்வைப் பொருளாகக் கொண்ட புனைகதைகளில் இரு மனிதரையே வாசகர் அடிக்கடி சந்திக்கின்றனர். ஒருவன், சொந்த நிலத்தை இழந்து வேறொரு நிலத்தை நாடிச் செல்லும் கமக்காரன். மற்றவன், உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறெதுவுமில்லாத கூலியாள். முன்னவனுக்குப் புதிய மண்ணும் மண்தான். வித்தும் கலப்பையும் அவனுக்குப் பழகியவை. பின்னவன் எங்கு சென்றாலும் தன் உடலைக் கொண்டு செல்கிறான். இவ்விருவருக்கும் இடையில் நிற்கும் மூன்றாமவன் அதிகம் பேசப்படுவதில்லை. அவன் ஒரு தொழிலை முறையாகப் பயின்றவன். அத்தொழிலினாற் பிறந்த ஊரில் மதிப்புடன் வாழ்ந்தவன். கடல் கடந்து வந்ததும் அத்தொழிலுக்குத் தேவையே இல்லாத ஒரு கமக்காரச் சமூகத்தின் நடுவே நில உடைமையாளனாக விடப்படுபவன். நாட்டை இழந்ததோடு தன் கைகளின் பயனையும் இழந்தவன் அவன். அமெரிக்க நாவலாசிரியை வில்லா கேதரின் (1873–1947) படைப்புகளில் இம்மூன்றாமவன் மீண்டும் மீண்டும் தோன்றுகிறான். அவனை அவர் எங்கே நேராக நோக்கினார், எங்கே பார்வையைத் திருப்பிக்கொண்டார் என்பதே அவரது யதார்த்தத்தை அளப்பதற்குத் தக்க கோலாகும்.

கேதர் வேர்ஜீனியாவிற் பிறந்தவர். 1883 ஆம் ஆண்டில், ஒன்பது வயதில், பெற்றோருடன் நெப்ராஸ்கா மாநிலத்தின் வெப்ஸ்டர் மாவட்டத்தை வந்தடைந்தார். மரங்கள் அரிதான புல்வெளி அது; அப்பொழுதுதான் ஏர்பூட்டத் தொடங்கியிருந்தனர். 1862 ஆம் ஆண்டின் குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்துடன் வழங்கியது. அரசிடமிருந்து பெருநிலங்களைப் பெற்றிருந்த புகையிரதக் கம்பனிகளும் நிலம் விற்றன. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் விளம்பரமும் செய்தன. (அந்நிலம் பவுனி முதலான பழங்குடியினர் வாழ்ந்த நிலம் என்பது கேதரின் எழுத்தில் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. அது தனியே ஆராயத்தக்க ஒரு குறை.) சுவீடன், நோர்வே, டென்மார்க், ஜேர்மனி ஆகிய நாடுகளிலிருந்தும், அன்று ஒஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்த பொஹீமியாவிலிருந்தும் மக்கள் வந்து சேர்ந்தனர். வந்தவர் அனைவரும் கமக்காரர் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மத்திய ஐரோப்பாவின் கைத்தறியாளர் இயந்திரத் தறியின் போட்டியால் நலிந்துகொண்டிருந்தனர். பொஹீமியாவின் எல்லையோடு கிடந்த சைலீசியாவில் 1844 இல் நெசவாளர் கிளர்ந்தெழுந்தமை வரலாறு. நிலத்தை விற்றவர்கள், வாங்குபவனுக்கு ஏர் பிடிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை.

கேதர் அவ்வூருக்கு வந்த காலத்தில், பொஹீமியக் குடியேறி ஒருவரின் தற்கொலை அயலிற் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அதுவே அவரது முதற் சிறுகதையின் கருவாயிற்று. ‘பீற்றர்’ என்ற அக்கதை 1892 இல், அவர் நெப்ராஸ்காப் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபொழுது, பொஸ்ரன் நகரச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. அதே ஆண்டிற் பல்கலைக்கழக மாணவர் ஏட்டிலும் இடம்பெற்றது. பீற்றர், பிராக் நகரின் அரங்கொன்றில் வயலின் வாசித்தவன். கமத்தை ஆளும் மூத்த மகன் அவ்வயலினை விற்கும்படி வற்புறுத்துகிறான். தந்தை வயலினை உடைத்துவிட்டுத் தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். ஆனால் வில்லை உடைக்க மறந்துவிடுகிறான். மகன் அந்த வில்லை, அடக்கம் நடைபெறுவதற்கு முன்னரே, விற்பதற்காக எடுத்துச் செல்கிறான். கடைசியிற் கிடக்கும் இந்தக் கசப்பு, பதினெட்டு வயது மாணவி ஒருத்தியின் எழுத்தில் வியக்கத்தக்கது. எனினும் கதை பழகிய எதிர்மை ஒன்றன் மேலேயே நிற்கிறது: மென்மையான கலைஞன் ஒருபுறம், பணத்தாசை பிடித்த மண் மறுபுறம். கலைஞன் எந்த ஊரிலும் அந்நியனே என்று வாசகன் ஆறுதல் கொள்வதற்கு இதில் இடமுண்டு.

இருபத்தாறு ஆண்டுகளின் பின், 1918 இல் வெளியான ‘எனது அன்ரோனியா’ என்ற நாவலில் அதே மரணம் மீண்டும் எழுதப்பட்டது. இடையில் நிகழ்ந்த மாற்றமே இக்கட்டுரையின் மையம். இறந்தவர் இப்பொழுது அரங்கக் கலைஞர் அல்லர், நெசவாளி. சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளையும் தளபாடங்களுக்கான உயர்ந்த துணிகளையும் நெய்தவர். வயலினும் உண்டு, ஆனால் அது கலியாணங்களுக்கும் ஆடல்களுக்கும் வாசித்துச் சிறிது மேல்வருவாய் பெற்ற வயலின். கலைஞனைக் கைவினைஞனாக மாற்றிய இந்த ஒரு திருத்தத்தினால், தனிமனிதத் துயரக் கதையாக இருந்தது ஒரு வர்க்கத்தின் வரலாறாகிறது.

நாவலின் தொடக்கத்தில் ஷிமெர்டா குடும்பத்தைப் பற்றிய தகவல்கள் அயல்வீட்டுப் பாட்டியின் வாயிலாக வருகின்றன. அவற்றை ஒரு கணக்கேடாகவே வாசிக்கலாம். நிலத்தை அவர்கள் கிராயெக் என்ற சொந்த நாட்டவனிடம், பெறுமதிக்கு மேல் விலை கொடுத்து வாங்கியுள்ளனர். பத்து டொலர் பெறாத பழைய அடுப்புக்கு அவன் இருபது டொலர் பெற்றிருக்கிறான். எலும்பு துருத்திய கிழக் குதிரைகளும் எருதுகளும் நல்ல உழவு விலங்குகளின் விலைக்குக் கைமாறியுள்ளன. பின்னர் ஷிமெர்டாவே தம் நிலையை விளக்குகிறார்: தாம் ஊரிற் பிச்சையெடுத்தவரல்லர், நல்ல ஊதியம் பெற்றவர், பயணச் செலவு போக ஆயிரம் டொலருக்கு மேற்பட்ட சேமிப்புடன் புறப்பட்டவர். நியூ யோர்க்கில் நாணய மாற்றில் ஒரு பகுதி போயிற்று. நெப்ராஸ்காவுக்கான புகையிரதக் கட்டணம் எதிர்பார்த்ததிலும் அதிகமாயிற்று. எஞ்சியது நிலத்துக்கும் விலங்குகளுக்கும் பழைய கருவிகளுக்குமாகப் போயிற்று. தறியிலே ஒரு வாழ்நாள் நெய்து சேர்த்த பணம், சில வாரங்களில் ஒரு மண்குகை வீடாகவும் உழத் தெரியாத நிலமாகவும் மாறிவிடுகிறது. இதனை உணர்ச்சி மேலோங்கிய ஒரு சொல்லும் இன்றிக் கேதர் எழுதியுள்ளார்.

இங்கு கிராயெக்கின் பாத்திரம் கூர்ந்து நோக்கத்தக்கது. அவன் பெரிய முதலாளி அல்லன். அவனிடம் உள்ள ஒரே முதல் மொழி. ஷிமெர்டா குடும்பத்துக்கு ஆங்கிலம் தெரியாது; அயலவருக்குச் செக் மொழி தெரியாது; இடையில் நிற்கும் ஒருவன் தன் சொல்லையே இரு பக்கத்துக்கும் உண்மையாக்குகிறான். பேர்டன் குடும்பத்தின் பணியாளன் ஒற்றோ பூக்ஸ் ஒஸ்திரியன். முதியவருக்குச் சிறிது ஜேர்மன் விளங்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். குதிரை விற்பனையிற் குறுக்கிட்டு எச்சரித்திருக்கலாம். ஆயினும் பொஹீமியர் ஒஸ்திரியரை நம்பமாட்டார்கள் என்று அவன் பேசாதிருந்துவிடுகிறான். ஆண்ட இனத்துக்கும் ஆளப்பட்ட இனத்துக்கும் இடையிலிருந்த பகை, கடலைத் தாண்டி வந்து, ஓர் ஏழை ஏமாற்றப்படுவதற்குத் துணைநிற்கிறது. ஷிமெர்டா எழுத்துக்கள் அடங்கிய ஒரு சிறு நூலைப் பாட்டியின் கையிற் கொடுத்து, மகள் அன்ரோனியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்குமாறு இரந்து நிற்கும் காட்சி உருக்கமானது எனப் பலரும் எழுதியுள்ளனர். உருக்கத்தைக் காட்டிலும் அதில் அறிவே மிகுதி. தம் குடும்பம் எதனால் வீழ்த்தப்பட்டது என்பதை அம்முதியவர் சரியாகக் கண்டுகொண்டார்.

நாவல் வெளியான 1918 ஆம் ஆண்டு முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டு. அந்நிய மொழி பேசுவோர் மீது ஐயம் பெருகியிருந்த காலம். அடுத்த ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்பை முடித்திராத மாணவருக்குப் பிறமொழி கற்பிப்பதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1923 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அத்தகைய சூழலில் ஒரு பொஹீமியக் குடும்பத்தை நாவலின் நடுவில் வைத்தமை துணிவுள்ள செயல்.

ஷிமெர்டா மாரிகாலப் பனிப்புயலின்போது தம் உயிரை முடித்துக்கொள்கிறார். கதைசொல்லியான ஜிம் பேர்டன் இதற்குத் தரும் விளக்கம் ஒன்றே: ஊர்நினைவு அவரைக் கொன்றது என்பது. பிற்கால விமர்சகர் பலரும் இதனை அப்படியே ஏற்றுக்கொண்டனர். ஏற்பதற்கு முன் ஒரு கேள்வி எழவேண்டும். ஊர்நினைவு என்று சொல்பவர் யார்? நிகழ்ச்சியின்போது ஜிம் பத்து வயதுச் சிறுவன். அதனை நினைவுகூர்ந்து எழுதும்போது அவர் மேற்குப் பகுதிப் பெரும் புகையிரதக் கம்பனி ஒன்றின் சட்டத்தரணி. நாவலின் முன்னுரை இதனைத் தெளிவாகவே கூறுகிறது. குடியேறிகளை அழைத்து வந்ததும், கட்டணம் பெற்றதும், நிலம் விற்றதும், கிழக்கின் ஆலைத் துணியைக் கொண்டுவந்து கிராமக் கடைகளிற் குவித்ததும் புகையிரதமே. அதன் சட்டத்தரணி, நெசவாளியின் மரணத்துக்குக் காரணம் மனவேதனை என்று தீர்ப்பளிக்கிறார். இம்முரணைக் கேதர் வேண்டுமென்றே அமைத்தாரா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் பாட்டியின் கணக்கேடும் பேரனின் தீர்ப்பும் ஒரே நூலில் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டு கிடக்கின்றன. நாவலின் வலிமை அந்த மறுப்பில் உள்ளது.

கைகள் பற்றிய குறிப்புகளும் இதனையே உணர்த்துகின்றன. முதற் சந்திப்பில் ஜிம் கவனிப்பது ஷிமெர்டாவின் வெண்மையான, வடிவான கைகளை. அவை அமைதியாகவும் தேர்ச்சி பெற்றவையாகவும் காணப்படுகின்றன. முகமோ சாம்பல் போன்றது. அப்புல்வெளியில் அக்கைகளுக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் கழுத்தில் எப்போதும் ஒரு பட்டுத் துணி, செம்பவள ஊசியினாற் பிணைக்கப்பட்டிருக்கும். இறப்பதற்கு முன் அத்துணியை அவர் சுருக்கமின்றி மடித்து, ஊசியைக் குத்தி வைத்துவிட்டே படுத்தார் எனப் பூக்ஸ் விவரிக்கிறான். துணியின் அருமை தெரிந்த ஒருவரின் கடைசிச் செயல் அது.

தொடர்ந்து வரும் அதிகாரமே நாவலின் மிகச் சிறந்த பகுதி. சவப்பெட்டி செய்ய வேண்டும். பனியால் வழிகள் அடைபட்டுள்ளன. ஒற்றோ பூக்ஸ் தாய்நாட்டில் தளபாடத் தச்சனாக இருந்தவன் என்பது அப்பொழுது பயன்தருகிறது. மாடு மேய்த்தும் வண்டி ஓட்டியும் சுரங்கத்தில் உழைத்தும் அலைந்த அவன் கைகளில் உளியும் சீவுளியும் மீண்டும் ஏறுகின்றன. பலகையைத் தடவிப் பார்க்கும் அவன் கைகள், அதனை வாழ்த்துவதுபோல முன்னும் பின்னும் அசைகின்றன. பழைய ஜேர்மன் பக்திப் பாடல்கள் அவன் வாயில் வருகின்றன. இத்துணை ஈடுபாட்டுடன் செய்யும் தொழிலை இவன் ஏன் விட்டுவிட்டான் என்று சிறுவன் ஜிம் வியக்கிறான். நாவல் அதற்கு விடை சொல்லவில்லை. அக்கமங்களின் நடுவே குடியேறிய ஒரு கைவினைஞனின் கற்ற தொழில் முழுமையாக வெளிப்படும் காட்சி இது ஒன்றுதான். அவன் செய்வதோ இன்னொரு கைவினைஞனுக்கான சவப்பெட்டி. நெசவாளி துணி நெய்து வழங்கியிருக்கவேண்டிய, தச்சன் கட்டில் செய்து வழங்கியிருக்கவேண்டிய ஒரு சமூகத்தில், முன்னவர் மரணத்தினாலேயே பின்னவனுக்குத் தொழில் கிடைக்கிறது. கேதர் இதனைச் சுட்டிக்காட்டாமல் நகர்ந்துவிடுகிறார். அவ்வாறு நகர்ந்துவிட்டதே நன்று.

பழைய உழவுக் கிராமங்களில் இந்நிலை இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பொஹீமியக் கிராமமாயினும் யாழ்ப்பாணக் கிராமமாயினும், கமக்காரனோடு தச்சனும் கொல்லனும் நெசவாளியும் ஒரு கட்டமைப்பினுள் வாழ்ந்தனர். அக்கட்டமைப்பு சமத்துவமற்றது, எமது குடிமை முறையின் கொடுமைகளை மறந்து அதனைப் புகழ்வது அறியாமையாகும். ஆயினும் அங்கு கைவினைஞனின் கைக்கு ஒரு பெயரும் ஓர் இடமும் இருந்தன. நெப்ராஸ்காவில் அவன் மேலிருந்த தளை நீங்கிற்று. அவன் தொழிலுக்கு இருந்த இடமும் உடன் நீங்கிற்று. சந்தை மட்டுமே எஞ்சியது. சந்தைக்கு வேண்டிய துணி புகையிரதத்தில் வந்தது. அதே நாவலில் நோர்வேக் குடியேறியின் மகள் லீனா லிங்கார்ட், கமத்தை விட்டு ஊருக்குச் சென்று உடை தைக்கப் பயின்று, லிங்கன் நகரிலும் பின்னர் சான் பிரான்சிஸ்கோவிலும் செழிப்படைகிறாள். கைத்தொழிலுக்கு வாடிக்கையாளரும் நகரமும் வேண்டும் என்ற உண்மையை அவளது வெற்றி எதிர்த்திசையிலிருந்து காட்டுகிறது.

கேதர் மீது 1930களில் எழுந்த கண்டனம் அறியப்பட்டதே. கிரான்வில் ஹிக்ஸ் 1933 இல் எழுதிய கட்டுரையில், அவர் சமகால வாழ்விலிருந்து விலகிக் கடந்த காலத்தினுள் ஒதுங்கினார் எனக் குற்றஞ்சாட்டினார். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. ‘பீற்றர்’ வெளிவந்த 1892 ஆம் ஆண்டிலேயே, அதே மாநிலத்தின் ஒமாஹா நகரில், கடனாலும் புகையிரதக் கட்டணத்தாலும் நசுங்கிய கமக்காரர் தம் பிரதிநிதிகளை அனுப்பி மக்கள் கட்சியின் மாநாட்டை நடத்தினர். கேதரின் கமக்காரர் அத்தகைய கூட்டமொன்றுக்குப் போவதாகக் காண்பது அரிது. வட்டிக்காரன் விக் கட்டரால் அழிக்கப்படும் ருஷ்யக் குடியேறிகள் நாவலில் உண்டு. வட்டிக்கு எதிராகத் திரள்பவர் இல்லை. ஆனால் இயக்கம் இல்லை என்பதனால் வரலாறும் இல்லை என்று முடிவுகட்டுவது விமர்சனத்தின் அவசரம். படைப்பில் உள்ளதைப் பார்ப்பதற்கு முன் இல்லாததை எண்ணத் தொடங்கும் இப்பழக்கம் எமது விமர்சகருக்கும் புதியதன்று. பத்து டொலர் அடுப்பும் சீவுளிச் சத்தமும் சேர்ந்து சொல்லும் வரலாற்றை ஹிக்ஸ் கேட்கவில்லை.

அவரது குற்றச்சாட்டு உண்மையிற் பொருந்துவது பிற்காலப் படைப்பொன்றுக்கே. ‘அயலவர் ரொசிக்கி’ 1930 இல் சஞ்சிகையில் வெளிவந்து, 1932 இல் நூலொன்றிற் சேர்க்கப்பட்டது. அமெரிக்கப் பாடத்தொகுப்புகளிற் பெரிதும் விரும்பப்படும் கதை. அன்ரன் ரொசிக்கி பொஹீமியத் தையற்காரர். லண்டனில் ஏழைத் தையற்காரர் ஒருவரின் நெருக்கடி மிகுந்த வீட்டில், திரைக்குப் பின்னே ஒரு மூலையிற் கிடந்து பசியோடு காலம் கழித்தவர். பின்னர் நியூ யோர்க்கிற் சிறிது வசதியாக வாழ்ந்தவர். ஒரு ஜூலை 4 ஆம் நாள், ஆளரவமற்ற நகரில் தனித்திருந்தபொழுது, தமக்கு வேண்டியது மண் என உணர்ந்து மேற்கே சென்றவர். நெப்ராஸ்காவில் மனைவியும் மக்களும் கமமும் வாய்க்கின்றன. இதயம் பழுதுற்றது என வைத்தியர் கூறியபின், யன்னலோரம் அமர்ந்து பழைய உடுப்புகளுக்கு ஒட்டுப்போடுகிறார். ஷிமெர்டாவுக்குக் கிடைக்காதவை அனைத்தும் ரொசிக்கிக்குக் கிடைக்கின்றன. நெசவாளி நாற்சந்தியில், கல்லறைத் தோட்டங்கள் ஏற்க மறுத்த நிலையிற் புதைக்கப்பட்டார். தையற்காரரோ தம் வயலுக்கு அண்மையில், அறிந்த அயலவரின் நடுவே உறங்குகிறார்.

கதையின் கனிவை மறுப்பதற்கில்லை. கடுங்காற்று சோளப் பயிரை எரித்த அன்று குடும்பத்தை மரநிழலில் உணவருந்தச் செய்யும் ரொசிக்கியை எவரும் மறக்கமாட்டார். எனினும் கதையாசிரியை இரு இடங்களில் தமக்குச் சாதகமாக நிறுவையை அழுத்தியுள்ளார். முதலாவது, ரொசிக்கியின் பிள்ளைப்பருவத்தைப் பாட்டன் பாட்டியரின் கமத்தில் அமைத்தது. ஆகவே நெப்ராஸ்காவுக்கு வருபவர் தொழிலை இழந்த தையற்காரர் அல்லர். மண்ணுக்குத் திரும்பும் உழவர். தறியின் வரலாறு இங்கு கரைந்துபோகிறது. இரண்டாவது, நகரம் முழுவதையும் கூலியடிமைத்தனமாகவும் கமம் முழுவதையும் சுதந்திரமாகவும் பிரித்தது. மகன் ருடொல்ஃப் நகரில் வேலை தேடிப் போய்விடுவானோ என்ற அச்சமே தந்தையின் இறுதி நாட்களை ஆட்கொள்கிறது. நிலம் உள்ளவன் எவனுக்கும் கடமைப்பட்டவனல்லன் என்ற அவரது நம்பிக்கையைக் கதை கேள்விக்குட்படுத்தவில்லை. கமப்பொருட்களின் விலை 1920கள் முழுவதும் தாழ்ந்து, கமங்கள் ஈடுகளில் மூழ்கிக்கொண்டிருந்த வேளையில் எழுதப்பட்ட கதை இது. ருடொல்ஃபின் அமைதியின்மைக்குக் கணக்கேடு ஒன்று உண்டு. அதனை எழுதுவதற்கு இம்முறை பாட்டி ஒருத்தி இல்லை. ஒன்று மட்டும் தப்பி நிற்கிறது. மருமகள் பொலி, மாமனாரின் கையைப் பற்றியபடி இருக்கையில், அது மற்றைக் கமக்காரரின் கனத்த கைகளைப் போன்றதல்ல, விரைவும் உயிர்ப்பும் உடையது என்று காண்கிறாள். அது ஊசி பிடித்த கை. ஆசிரியை மறக்க முயன்ற தொழில் அக்கையில் வெளிப்பட்டுவிடுகிறது.

ரொசிக்கியை விடவும், ‘எனது அன்ரோனியா’வின் இறுதிப் பகுதியில் வரும் குசாக்கே உண்மைக்கு அண்மையானவர். அவரும் கைவினைஞரே. வியன்னாவில் மென்மயிர்த் தோலாடைக் கடையொன்றில் நன்கு சம்பாதித்தவர். சம்பாதித்ததை நகரின் இன்பங்களிற் செலவிட்டவர். நியூ யோர்க்கில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், அதிக கூலிக்கு ஆசைப்பட்டு, பிழையான ஆலோசனையினால் வேலைக்குச் சேர்ந்தார். வேலைநிறுத்தக்காரர் வென்றனர், குசாக்கின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறிற்று. புளோரிடாவுக்குச் சென்று தோடை பயிரிட்டார். உறைபனி இளங்கன்றுகளைக் கொன்றது. உறவினரைப் பார்க்க நெப்ராஸ்காவுக்கு வந்தவர் அன்ரோனியாவைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டார். மண்ணின் அழைப்பு இதில் எங்குமே இல்லை. ஒரு தொழிற்பிணக்கும் ஒரு பனியும் ஒரு பெண்ணும் அவரைக் கமக்காரனாக்கின. மனைவிக்கு அவ்வாழ்வு பொருந்திவிட்டது. அவருக்குப் பொருந்தியதா என்று ஜிம்மே ஐயுறுகிறார். ஒருவருக்குச் சரியான வாழ்வு இருவருக்கும் சரியாகுமா என்ற அக்கேள்வியைக் கேதர் தீர்க்காமலே விட்டார். புதல்வர் புதல்வியரைக் கொண்டாடும் அப்பகுதியின் ஒளியில் இச்சிறு நிழலைப் பலர் கவனிப்பதில்லை.

ஜிம் அங்கு தங்கியிருக்கையில், குசாக் வில்பர் ஊரின் விழாவுக்குப் போய்த் திரும்புகிறார். அங்கு கயிற்றின்மேல் நடந்தவர்களைப் பற்றிச் செக் மொழியில் மனைவியிடம் விரிவாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொண்டுவந்திருக்கிறார். தம் நாட்டுப் பாடகி ஒருத்தியை ஜிம் ஐரோப்பாவிற் கேட்டிருக்கிறார் என்று அறிந்ததும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அவள் குரல் எப்படி, இரசிகர் கூட்டம் எப்படி, அவளது சின்னஞ்சிறு பாதங்களைக் கவனித்தீர்களா என்று அடுக்கடுக்காக விசாரிக்கிறார். கடைசியாக, அவள் பணம் ஏதாவது சேர்த்து வைத்தாளா என்றும் கேட்கிறார்.